முகமா, தடயமா?

வகுப்பறையிலே நாற்பது சிறுவர் சிறுமியர். ஆளுக்கொரு வெள்ளைத் தாள், ஆளுக்கொரு எழுதுகோல். "விஞ்ஞானி ஒருவரை வரைந்து காட்டுங்கள்" என்கிறார் ஆசிரியர். ஆணா பெண்ணா, முதியவரா இளையவரா, நகரத்தவரா நாட்டுப்புறத்தவரா, எதையும் அவர் சொல்லவில்லை. பிள்ளைகள் வரைகிறார்கள். தாள்களைத் திரட்டிப் பார்த்தால், பெரும்பாலான தாள்களிலே ஒரே ஆசாமி! பறட்டைத் தலை, இன்றேல் வழுக்கைத் தலை. தடித்த மூக்குக் கண்ணாடி. முழங்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கி. கையிலே புகை கக்கும் குடுவை. பக்கத்திலே துணைக்கு ஒருவருமில்லை. அவன் ஆண். அவன் வயதானவன். அவன் தனியன். இந்த உருவத்தை இந்தப் பிள்ளைகட்குக் கற்பித்தவர் யார்?

கற்பனையாகக் கூறுகிறோம் என்று எண்ண வேண்டாம். டேவிட் வேட் சேம்பர்ஸ் என்னும் ஆய்வாளர், 1966 முதல் 1977 வரை, பெரும்பாலும் கனடா நாட்டிலே, 4,807 குழந்தைகளிடம் இப்படித்தான் தாளைக் கொடுத்து வரையச் சொன்னார். முடிவை 1983ல் வெளியிட்டார். அத்தனை படங்களிலே பெண் விஞ்ஞானியின் படங்கள் எத்தனை தெரியுமா? இருபத்தெட்டு! அந்த இருபத்தெட்டையும் வரைந்தவர்கள் சிறுமியரே. ஒரே ஒரு பையனுக்குக்கூட, விஞ்ஞானி ஒரு பெண்ணாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எழவில்லை.

காலம் மாறவில்லையா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. அமெரிக்காவிலே ஐம்பதாண்டுக் காலத்தில் நடந்த 78 ஆய்வுகளை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் படங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்து 2018ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1980களுக்குப் பிறகு வரையப்பட்ட படங்களிலே சராசரியாக நூற்றுக்கு இருபத்தெட்டில் பெண் விஞ்ஞானி இடம் பெற்றிருக்கிறாள். மகிழத்தக்க மாற்றம்தான். ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் கூறிற்று. ஐந்து ஆறு வயதிலே ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சரிபாதியாக வரையப்படுகிறார்கள். வயது ஏற ஏறப் பெண்ணுருவம் குறைந்துகொண்டே போகிறது. பிறக்கும்போது இல்லாத பேதத்தைப் பள்ளியும் வீடும் வெள்ளித்திரையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு ஊட்டுகின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு படம் தவறாகப் போனால் யாருக்கு என்ன நட்டம், இதிலே அறம் எங்கே வந்தது என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும், கேள்வி நல்லது. பதில் 1957லேயே கிடைத்துவிட்டது. மார்கரெட் மீட், ரோடா மெட்ரோ என்ற இரு பெண் ஆய்வாளர்கள், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளிலே சுமார் 35,000 மாணவ மாணவியரைக் கொண்டு விஞ்ஞானி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். விஞ்ஞானி நாட்டுக்குத் தேவை, உலகுக்குத் தேவை என்று பாராட்டி எழுதினார்கள் மாணவர்கள். நீ விஞ்ஞானியாவாயா, விஞ்ஞானியை மணப்பாயா என்று கேட்டபோதோ பின்வாங்கினார்கள். அவர் ஊருக்கு நல்லவர், எனக்கு வேண்டாம்! வணங்கத்தக்கவர், நெருங்கத்தக்கவரல்லர்!

இங்கேதான் அறக்கேள்வி பிறக்கிறது. எவரை நாம் எட்டாத பீடத்தில் ஏற்றிவைக்கிறோமோ, அவராக நாம் ஆக முடியாது என்று முதலில் நம்புகிறோம். அவரைக் கேள்வி கேட்க நமக்குத் தகுதியில்லை என்று அடுத்து நம்புகிறோம். முதல் நம்பிக்கை குழந்தையைக் கூடத்துக்கு வெளியே நிறுத்துகிறது. இரண்டாவது நம்பிக்கை, வளர்ந்த குடிமகனை வாய்மூடச் செய்கிறது. "ஆராய்ச்சி செய்து சொல்லிவிட்டார்கள்" என்ற ஒரே சொல்லுக்குத் தலைகுனிவோரும், "பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்" என்ற சொல்லுக்குத் தலைகுனிவோரும் எந்த வகையில் வேறுபட்டவர்கள்?

ஒரு தாளோடு நிறுத்த வேண்டாம்; இன்னொரு தாளும் கொடுப்போம். "திருடன் ஒருவனை வரைக" என்போம். என்ன வரும் என்று ஊகிப்பது கடினமா? கோடு போட்ட பனியன், மடித்துக்கட்டிய கைலி, கன்னத்திலே கறுப்பு மரு, முறுக்கிய மீசை, கறுத்த மேனி. நம் திரைப்படங்கள் காலங்காலமாகக் காட்டிவந்த உருவமல்லவா! மாளிகையிலே அமர்ந்து கணக்கேட்டைத் திருத்துபவனை எந்தப் பிள்ளையாவது வரையுமா? வெள்ளை வேட்டிக்காரனை, தங்கச் சட்டகக் கண்ணாடிக்காரனை வரையுமா?

இரு படங்களையும் அடுத்தடுத்து வையுங்கள். விஞ்ஞானிக்கு ஒரு முகம். திருடனுக்கு ஒரு முகம். இரண்டையும் வரைந்தது ஒரே கை. ஆராயுமுன் முடிவுகட்டும் சோம்பேறி மனத்தின் கை அது! 'அறிவு இவனுக்கு உரியது' என்று ஒரு முகத்தைக் காட்டும் மனம், 'குற்றம் இவனுக்கு உரியது' என்று மறுமுகத்தைக் காட்டத் தயங்குவதில்லை. தடய அறிவியலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாம் கூறுவதன் காரணம் இதுவே. தவறான இந்த இரு சித்திரங்களையும் ஒருசேர அழிக்கவல்ல பாடம் அது. ஏனெனில், முகத்தைப் பாராதே, தடயத்தைப் பார் என்பதே அதன் முதல் விதி.

முகத்தை நம்பியதால் விளைந்த கேடு கொஞ்சமா? 1876ல் இத்தாலி நாட்டு மருத்துவர் செசாரே லொம்பிரோசோ, பிறவிக் குற்றவாளி என்று ஓர் இனம் உண்டு, தாடையையும் நெற்றியையும் காதையும் அளந்தே கண்டுபிடித்துவிடலாம் என்று நூல் எழுதினார். விஞ்ஞானத்தின் பெயரால் எழுதினார்! ஐரோப்பா எங்கும் அதை ஓதினார்கள். இங்கிலாந்திலே சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர், சுமார் 3,000 கைதிகளை அளந்து பார்த்து, குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு ஏதும் இல்லை என்று 1913ல் வெளியிட்டார். அளந்து எழுப்பிய மாயையை அளந்தே உடைத்தார்.

நம் நாட்டிலோ, அந்த மாயை சட்டமாகவே சமைக்கப்பட்டது. 1871ல் வெள்ளையர் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை வடபுலத்திலே கொண்டுவந்தது. 1911ல் திருத்தி விரித்த சட்டம் சென்னை மாகாணத்தையும் பிடித்தது. ஒரு குலத்திலே பிறந்தவன் என்பதாலேயே அவன் குற்றவாளி! பதிவேட்டிலே பெயர், காகிதத்திலே பத்து விரல் ரேகை, இரவானால் காவல் நிலையத்திலே ஆள்கணக்கு. மதுரைச் சீமை மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே அழைத்தார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், பெருங்காமநல்லூரிலே, ரேகை வைக்க மறுத்துத் திரண்ட பிரமலைக் கள்ளர்மீது துப்பாக்கி பாய்ந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சென்னை மாகாணத்திலே 1947லும், நாடு முழுவதும் 1952லும் அச்சட்டம் ஒழிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். கைரேகை பொய் சொல்லவில்லை. கைரேகையைக் கொண்டு கேட்கப்பட்ட கேள்வியிலேதான் நஞ்சு இருந்தது. குற்றம் நடந்த இடத்திலே கிடைத்த ரேகையைக் கையிலே வைத்துக்கொண்டு, 'இது யாருடையது?' என்று கேட்பது ஆராய்ச்சி. குற்றமே நடவாதபோது, 'இந்த ஊரார் அத்தனை பேரும் ரேகை வைக்கட்டும்' என்பது கொடுங்கோன்மை. கருவி ஒன்றுதான், மையும் ஒன்றுதான், காகிதமும் ஒன்றுதான். கேள்வி மாறியதும் அறம் மாறிவிடுகிறது. இந்த வேறுபாட்டைப் பதினான்கு வயது மாணவனுக்கு விளக்க முடியாதா? முடியும். விளக்காமல் விட்டால், மையும் காகிதமும் மட்டுமே அவன் கற்பான்.

தடயத்தைக் கொண்டு நீதி கேட்பது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைப்போர், சிலப்பதிகாரத்தைச் சற்றே புரட்டட்டும். கோவலனைக் கொல்ல வந்த காவலர் அவன் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றார்கள். முகம் பார்த்துச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது உண்மையாகவும் இருந்தது. ஆனால் அது அவன் உயிரைக் காத்ததா? பொற்கொல்லன் நகைத்தான். களவு நூலார் கூறும் துணைகள் மந்திரம், தெய்வம் எனத் தொடங்கி எட்டு என்று அடுக்கினான். நூல் கற்ற நிபுணனாயிற்றே, மறுக்க எவனுக்குத் துணிவு வந்தது! அந்த நிபுணனே அரண்மனைச் சிலம்பைக் கவர்ந்தவன் என்பதைக் காவலர் அறியார். ஒருவன் வாளை வீசினான். அந்த இடத்திலே முகக்குறி பேசிற்று, நூற்புலமை பேசிற்று, வாள் பேசிற்று. சிலம்பை மட்டும் ஒருவரும் ஆராயவில்லை!

ஆராய்ந்தவள் கண்ணகி. அவளுக்கு வெள்ளை அங்கி இல்லை, பட்டம் இல்லை, அவையிலே துணை இல்லை. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று முன்கூட்டியே அறிவித்தாள். தன் தேவியின் சிலம்பிலே உள்ளது முத்து என்றான் மன்னன். பிறகே சிலம்பு உடைக்கப்பட்டது, மாணிக்கம் தெறித்தது. உடைக்குமுன் இரு தரப்பும் தத்தம் கூற்றைச் சொல்லிவிட்டதைக் கவனியுங்கள்! எது வந்தால் எவர் தோற்றவர் என்பது முன்னதாகவே முடிவாகிவிட்டது. இன்றைய ஆய்வுக்கூடம் போற்றும் ஒழுங்கும் இதுவே. கற்பின் திறம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆராய்ச்சித் திறம் என்று ஒரு வகுப்பறையிலாவது சொல்லக்கூடாதா? தடய அறிவியலின் முதல் பாடத்துக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும்?

உண்மையிலே தடய அறிவியலை வளர்த்தவர்கள் யார் என்று வரலாற்றைக் கேட்டால், குழந்தைகள் வரைந்த அந்த வெள்ளை அங்கிக்காரர் மெல்ல மறைந்துபோவார். 1897ல் கல்கத்தாவிலே கைரேகைக் கூடம் தோன்றிற்று. ஆயிரக்கணக்கான ரேகைத் தாள்களிலே வேண்டிய ஒன்றைத் தேடி எடுப்பது எப்படி? அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு வங்காளிக் காவல்துறை உதவி ஆய்வாளர்கள் உழைத்து உருவாக்கிய முறை அந்தச் சிக்கலைத் தீர்த்தது. பத்து விரல்களை ஐந்து இணைகளாகப் பிரி. சுழி இருந்தால் முதல் இணையிலே 16, அடுத்ததில் 8, பிறகு 4, 2, 1 என்று மதிப்பளி. ஒவ்வோர் இணையிலும் ஒரு விரல் ஒரு வரிசைக்கும், மற்றது மறு வரிசைக்கும் போகட்டும். வரிசைக்கு வரிசை கூட்டி, ஒன்றைச் சேர். இருபுறமும் 1 முதல் 32 வரை எண் கிடைக்கும். 32ஐ 32ஆல் பெருக்கினால் 1,024. அலமாரியிலே 1,024 அறைகள். ஒவ்வொரு மனிதனின் தாளும் போய்ச் சேர ஓர் அறை உண்டு!

1901ல் லண்டன் ஸ்காட்லாண்ட் யார்டிலே கைரேகைப் பிரிவு தொடங்கியபோது, இந்த முறை கடல் கடந்தது. அதன் பெயரோ 'ஹென்றி முறை'. மேலதிகாரி எட்வர்டு ஹென்றியின் பெயர் நிலைத்தது. ஹக்குக்குக் கான் பகதூர் பட்டமும், போசுக்கு ராய் பகதூர் பட்டமும் கிடைத்தன. முறைக்கு அவர்கள் பெயர் கிடைக்கவில்லை. விஞ்ஞானியின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று உலகம் முன்பே வரைந்து வைத்திருந்ததல்லவா? கல்கத்தாக் காவலரின் முகம் அந்தச் சட்டத்திலே பொருந்தவில்லை!

அமெரிக்காவிலே பிரான்செஸ் கிளெஸ்னர் லீ என்ற அம்மையார். 1878ல் செல்வக் குடியிலே பிறந்தவர். அண்ணன் ஹார்வர்டுக்குப் போனார்; தங்கை பெண்ணாயிற்றே, கல்லூரி எதற்கு என்றது குடும்பம். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1931ல், அதே ஹார்வர்டிலே சட்ட மருத்துவத் துறை அமையத் தம் பொருளைக் கொடுத்தார். 1940களிலே பொம்மை வீடுகள் செய்தார். ஓரடிக்கு ஓரங்குலம் என்ற அளவிலே அறை, கட்டில், சமையற்கட்டு, பூட்டு, நாட்காட்டி, எல்லாம் உண்டு. நடுவிலே மர்மமாக இறந்துபோன ஒரு பொம்மை மனிதர். குண்டூசியைப் பின்னல் ஊசியாக்கிக் காலுறை பின்னினார்! காவல்துறையினர் அந்த வீடுகளைச் சுற்றி நின்று, கண்டதை எல்லாம் குறித்து, காரணம் சொல்லப் பழகினார்கள். நியூஹாம்ப்ஷயர் மாநிலக் காவல்துறை 1943ல் அவரைக் கேப்டனாக்கிப் பெருமைப்படுத்திற்று. அவர் 1962ல் மறைந்த பிறகும், அந்தப் பொம்மை வீடுகள் பால்டிமோர் நகரிலே பாடம் சொல்லின. பின்னல் ஊசியும் பொம்மையும் பெண்ணின் விளையாட்டு என்று ஒதுக்கிய உலகுக்கு, அவற்றைக் கொண்டே பாடம் நடத்தினார் பாட்டி!

நம் சென்னைக்கும் இந்த வரலாற்றிலே பழைய இடம் உண்டு. 1849ல் இங்கே வேதிப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் அமைந்தது. நஞ்சைக் கண்டறியும் வேலைக்காக இந்தியாவிலே முதலில் அமைந்த கூடம் அதுவே. 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரிலே ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிய துணியையும் கம்பியையும் துண்டு துண்டாகச் சேர்த்து, வெடித்தது இடுப்புக் கச்சையிலே கட்டிய குண்டு என்று காட்டியவர், தமிழ்நாடு தடய அறிவியல் துறையை நடத்திய பி. சந்திரசேகரன். எந்தத் திரைப்படத் துப்பறிவாளனும் செய்யாத வேலை அது, பொறுமையின் வேலை.

குற்றமற்றவனைக் காப்பதற்கும் இந்த அறிவியல் எத்துணை தேவை என்பதை இங்கிலாந்து கண்டது. லெஸ்டர் நகரப் பல்கலைக்கழகத்திலே அலெக் ஜெஃப்ரிஸ் 1984ல் டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டார். அதே வட்டாரத்திலே 1983லும் 1986லும் இரு சிறுமியர் கொலையுண்டனர். பதினேழு வயது இளைஞன் ஒருவன் பிடிபட்டான். ஒரு கொலையைச் செய்ததாக ஒப்புக்கொண்டான்! ஒப்புதல் வாக்குமூலம் கிடைத்துவிட்டது, இனி என்ன என்று ஊர் ஓய்ந்திருக்கும். சோதனை செய்தார்கள். இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே. அவன் இந்த இளைஞன் அல்லன் என்றது முடிவு. உண்மைக் குற்றவாளி 1988ல் தண்டிக்கப்பட்டான். கொலை வழக்கிலே டி.என்.ஏ. முதலில் செய்த பணி, ஒருவனை விடுவித்த பணியே. தன் வாயாலேயே தன்மீது பழி சுமத்திக்கொண்டவனை, அவன் உடலின் அணு விடுவித்தது.

இவ்வளவும் கேட்டதும், 'ஆகா, விஞ்ஞானம் சொன்னால் அப்பீலே இல்லை' என்று கைதட்டத் தோன்றும். கைதட்டுமுன் ஒரு கணம் நில்லுங்கள், தோழர்களே! பழைய பீடத்தைத் தகர்த்துவிட்டுப் புதிய பீடம் கட்டுவது நம் வேலையன்று.

2004 மார்ச்சிலே மாட்ரிட் நகரத்து ரயில்களிலே குண்டு வெடித்தது. கிடைத்த ஒரு பையிலே ஒரு விரல் ரேகை. அமெரிக்க எஃப்.பி.ஐ. நிபுணர்கள், அது தம் நாட்டு வழக்கறிஞர் ஒருவருடையது என்று உறுதி கூறினார்கள். ஒருவர் அல்லர், பலர் கூறினார்கள். இரண்டு வாரம் அவர் அடைபட்டார். அது வேறொருவருடைய ரேகை என்று ஸ்பெயின் காவல்துறை கண்டுபிடித்துச் சொன்ன பிறகே, எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. வழக்கறிஞர் இசுலாமியர் என்பது, ஐயம் எழுந்த பின்னும் நிபுணர்கள் சரிவர மறுஆய்வு செய்யாமைக்கு ஒரு காரணமாகியிருக்கக்கூடும் என்று, 2006ல் வெளிவந்த அமெரிக்க நீதித்துறைத் தணிக்கை அறிக்கையே எழுதிற்று. பார்த்தீர்களா! முகத்தைப் பாராதே என்று கதவை அடைத்தார்கள்; அது ஆய்வுக்கூடத்தின் சாளரம் வழியே நுழைந்துவிட்டது.

2015ல் இன்னொன்று அம்பலமாயிற்று. உருப்பெருக்கியிலே தலைமயிரை ஒப்பிட்டு எஃப்.பி.ஐ. நிபுணர்கள் நீதிமன்றங்களிலே கொடுத்த சாட்சியங்களைத் திரும்ப ஆராய்ந்தபோது, ஆராய்ந்தவற்றிலே குறைந்தது நூற்றுக்குத் தொண்ணூறில் தவறான கூற்றுகள் இருந்தன என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்தச் சாட்சியத்தைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் படித்தவர்கள்தாம், நீதிபதிகள்தாம். வெள்ளை அங்கியைக் கண்டதும் கேள்வி கேட்கும் வாய் அடைத்துவிட்டது. நம் நாட்டிலும், மயக்க மருந்து செலுத்தி வாக்குமூலம் பெறுவதை 'அறிவியல் விசாரணை' என்று கொண்டாடிய காலம் இருந்தது. ஒருவரின் இசைவின்றி அவ்வாறு செய்வது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று 2010ல் செல்வி வழக்கிலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, வகுப்பறைக்கு நாம் கொண்டுவர வேண்டியது எது? தொலைக்காட்சித் தொடர்கள் காட்டும் தடய அறிவியலா? அங்கே கணிப்பொறி கண் சிமிட்டுவதற்குள் விடை வருகிறது. நிபுணர் தவறே செய்வதில்லை. ஒரு மணி நேரத்துக்குள் குற்றவாளி கதறி அழுகிறான். 2000க்குப் பிறகு அமெரிக்கத் தொடர்களின் கவர்ச்சியால் பல நாட்டுப் பள்ளிகளிலே இப்பாடம் பரவிற்று. பிள்ளைகள் ஆர்வத்தோடு வந்தார்கள் என்பது நல்லதே. ஆனால் பறட்டைத் தலை விஞ்ஞானியை இறக்கிவிட்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்த துப்பறியும் விஞ்ஞானியை ஏற்றிவைத்தால் என்ன பயன்? பொம்மை மாறிற்று, பூசை மாறவில்லை!

நாம் விரும்பும் பாடம் எளியது. பணம் வேண்டாம், பெரிய கூடம் வேண்டாம். எழுதுகோலின் கரியைப் பொடியாக்கித் தாளிலே தேய்த்து, விரலை அதிலே ஒற்றி, ஒட்டு நாடாவிலே பதித்தால் ரேகை கிடைக்கும். வில், கண்ணி, சுழி என்று வகை பிரிக்கட்டும். ஹக்கும் போசும் செய்த கணக்கைப் போட்டு, தத்தம் எண்ணைக் கண்டுபிடிக்கட்டும். அந்த அறைகளிலே எத்தனை காலியாக இருக்கின்றன, எத்தனை நிரம்பி வழிகின்றன என்று எண்ணட்டும். இரண்டு பேருக்கு ஒரே எண் வந்தால் அவர்கள் ஒருவராகிவிடுவார்களா என்று வாதிடட்டும். கணிதமும் அறமும் ஒரே மேசையிலே அமரும்!

கறுப்பு ஸ்கெட்ச் பேனாக்கள் நான்கைக் கொண்டுவரட்டும். மையொற்றும் தாளிலே கோடு கிழித்து, கோடு நனையாமல் தாளின் அடியை மட்டும் தண்ணீரிலே நிறுத்தினால், நீர் ஏற ஏறக் கறுப்பு பிரிந்து நீலமும் சிவப்பும் மஞ்சளும் வெளிப்படும். யாரோ எழுதிய துண்டுச் சீட்டின் மை எந்தப் பேனாவோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். ஒத்துப்போகவில்லையேல், அந்தப் பேனா அன்று என்று துணிந்து சொல்லலாம். ஒத்துப்போனாலோ? 'இதே பேனாதான்' என்று சொல்லத் துடிக்கும் நாக்கை அடக்க வேண்டும். அதே மையிலே ஆயிரமாயிரம் பேனாக்கள் கடையிலே விற்கின்றன! விலக்குவது எளிது, உறுதி செய்வது அரிது. இந்த ஒரு பாடத்தை நம் மக்கள் அத்தனை பேரும் கற்றிருந்தால், தெருவிலே ஆளைப் பிடித்துக் கட்டிவைத்து அடிக்கும் கொடுமை நடக்குமா?

அடியின் நீளம் ஒருவர் உயரத்திலே ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பங்கு என்பார்கள். 25 சென்டிமீட்டர் காலடித் தடம் கிடைத்தால், ஆள் 167 சென்டிமீட்டர் உயரம் என்று கணக்குச் சொல்லும். வகுப்பிலே உள்ள நாற்பது பேரையும் அளந்து பார்க்கட்டும். கணக்கு ஒன்று சொல்லும். அளவு நாடா வேறொன்று சொல்லும். எத்தனை பேருக்கு எவ்வளவு பிசகுகிறது என்று குறிக்கட்டும். 'ஏறத்தாழ' என்ற சொல்லின் மதிப்பு அன்றுதான் விளங்கும். அந்தச் சொல்லை வெட்கப்படாமல் சொல்பவனே விஞ்ஞானி; அதை மறைப்பவன் வித்தைக்காரன்.

ஒன்று மட்டும் கட்டாயம். ஒப்பிடுகிறவருக்கு அது யாருடைய ரேகை, யாருடைய பேனா என்பது தெரியக்கூடாது. உறையிலே எண் மட்டும் இருக்கட்டும். பெயரும் குலமும் தெருவும் உறைக்குள்ளேயே உறங்கட்டும். ஒரு முறை பெயரோடும், ஒரு முறை பெயரின்றியும் செய்து பார்த்தால், தம் மனம் தம்மை எப்படி ஏய்க்கிறது என்பதைப் பிள்ளைகள் தாமே காண்பார்கள். முன்முடிவு என்பது தீயவர்களிடம் மட்டும் இருப்பதன்று, நம்மிடமும் இருப்பது, அதைத் தடுக்க நல்ல எண்ணம் போதாது, நல்ல முறை வேண்டும் என்பது அவர்கட்கு விளங்கும்.

பிஞ்சு உள்ளத்திலே கொலையையும் களவையும் விதைப்பதா என்று சிலர் பதறுவர். கொலை எதற்கு? பாலிலே மாவு கலந்திருக்கிறதா என்று ஒரு சொட்டு அயோடின் நீல நிறம் காட்டிச் சொல்லும். ரசீதிலே எண்ணைத் திருத்தினார்களா என்று உருப்பெருக்கி சொல்லும். மக்களை அன்றாடம் ஏய்க்கும் குற்றங்கள் இவைதாமே! தேர்வுக்கு வராத பாடம் எதற்கு என்று வேறு சிலர் கேட்பர். வாழ்க்கை என்ற தேர்வுக்கு வருகிறது, ஐயா! 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களிலே தடய அறிவியல் வல்லுநர் நேரில் சென்று தடயம் திரட்ட வேண்டும் என்கிறது. ஐந்தாண்டுக்குள் மாநிலங்கள் அதைச் செயற்படுத்த வேண்டும். நாளைய வழக்குமன்றங்களிலே தடயமே மிகுதியும் பேசும். அது பேசும் மொழி நம் பிள்ளைகட்குத் தெரிய வேண்டாமா? தெரியாவிட்டால், முன்பு வடமொழி மந்திரத்துக்குத் தலையாட்டியது போல, அறிக்கையின் ஆங்கிலத்துக்குத் தலையாட்ட வேண்டியதுதான்!

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்திலே 1976 முதல் எழுதியிருக்கிறது. கடமை ஏட்டிலே இருக்கிறது. வகுப்பறையிலே அதற்கு மணி ஒதுக்கியிருக்கிறோமா? இளைஞர்களே, உங்கள் படிப்பகங்களிலே, இரவுப் பள்ளிகளிலே, விடுமுறை நாட்களிலே இதைத் தொடங்கலாம். எவர் ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று கேள்விகளை மட்டும் சுவரிலே எழுதி வையுங்கள். எப்படித் தெரியும்? வேறு யார் சரிபார்த்தார்? தவறாக இருந்தால் அது எப்படி வெளிப்படும்?

ஒரு நாள், முன் வரிசையிலே அமர்ந்திருக்கும் சிறுமி எழுந்து, பாடம் நடத்தும் உங்களையே அந்த மூன்று கேள்விகளையும் கேட்பாள். சினம் கொள்ளாதீர்கள், அவள் முகத்தையும் பாராதீர்கள், அவள் கேள்விக்கு விடை தேடுங்கள். விடை இல்லையேல், அவளையும் அழைத்துக்கொண்டு தேடுங்கள். அந்தக் கூடத்திலே விஞ்ஞானி யார் என்று தனியே வரைந்து காட்ட வேண்டிய தேவை அன்று எவருக்கும் இராது.